எலுமிச்சை இனப் பழங்களும் பெயர் மாறாட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி இதைத் தொடங்குவதே நேர்மையென்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைக் குடியானவர்களின் உபயோகத்தின் பொருட்டுத் தமிழில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அது 'லெமன்' என்னும் பழத்தின் சாகுபடியைப் பற்றியது. லெமன் என்றால் எலுமிச்சை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அகராதியும் அவ்வாறே சொல்லிற்று. ஆகவே, 'விதையிலிருந்து எழுப்பிய எலுமிச்சங் கன்றுகள் தாய் மரத்தைப் போல் அமையுமென்பது நிச்சயமில்லை. பதியன் கன்றுகளையே நடுக' என்று எழுதிவிட்டேன். சிங்காரப்பேட்டைக்கு அடுத்த ஒரு கிராமத்தில், நல்ல காய்ப்புள்ள நாட்டு எலுமிச்சை மரமொன்றிலிருந்து விதை தெரிந்தெடுத்து, மேட்டுப் பாத்தியில் ஏறக்குறைய முந்நூறு நாற்று வளர்த்திருந்த ஒரு பெரியவர், அந்தப் பிரசுரத்தைத் தம் பேரன் வாசிக்கக் கேட்டு, நாற்றுகளைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டார்.

அவர் செய்து வந்தது முற்றிலும் சரியான காரியம். நம் நாட்டு எலுமிச்சையின் விதை ஒன்றில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் இருக்கின்றன. அவற்றுள் அநேகம் மகரந்தச் சேர்க்கையால் உண்டானவை அல்ல. தாய் மரத்தின் சூலிலுள்ள திசுவிலிருந்தே நேராகக் கிளைப்பவை. ஆகையால் நாற்று தாயை ஒத்தே வளரும். நம் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக விதைக் கன்றுகளாலேயே உண்டாகி வருவதற்குக் காரணம் இதுதான். லெமனின் விதையில் இந்தக் குணம் குறைவு. பம்பளிமாசின் விதையில் ஒரே முளைதான்; அதில் விதைக் கன்று தாயைப் போல் இருக்குமென்று நம்பவே கூடாது. பிரசுரத்தை எழுதிய ஆங்கில ஆசிரியர் தம் பழத்தைப் பற்றிச் சரியாகத்தான் எழுதியிருந்தார். பழத்தை மாற்றியவன் நான்.

நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டபோது அந்தப் பெரியவர் கோபிக்கவில்லை. "சர்க்கார் காகிதத்தில் எலுமிச்சை என்றுதானே ஐயா போட்டிருந்தது?" என்று மாத்திரம் கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நம் முன்னோர் சொற்களைப் பகுத்தபோது, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் என்றும், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் என்றும் இருவகை கண்டார்கள். நிகண்டுகள் இவற்றுக்குத் தனித்தனித் தொகுதியே வகுத்திருக்கின்றன. விவசாயியின் கண்ணால் பார்த்தால் இவ்விரண்டில் முதலாவதால் ஒரு கெடுதலும் இல்லை. நம் கிருஷ்ணகிரிச் சீமை மாம்பழத்துக்குப் பேர்போனது. பெங்களூரா என்றும், கிளிமூக்கு என்றும், தோத்தாபுரி என்றும் ஒரே மாம்பழத்துக்கு இங்கே பெயர்கள் வழங்குகின்றன. மண்டியில் யாரும் இதனால் மோசம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிங்காரப்பேட்டையே சேலம் ஜில்லாவில் இருந்து, 1965-இல் தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்து, 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்தது. ஊர் அதே ஜவ்வாது மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வகை, அதாவது ஒரே பெயர் பல பொருளுக்கு வழங்குவது, நாற்றுப் பாத்தியை அழிக்கக்கூடியது. எலுமிச்சை இனத்தில் இந்த இரண்டாவது வகையே மலிந்து கிடக்கிறது.

ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். நம்முடைய எலுமிச்சைக்கு, அதாவது உருண்டையாய், மெல்லிய தோலுடன், வடக்கே 'காகஜி' எனப்படும் பழத்துக்கு, ஆங்கிலத்தில் 'லைம்' என்று பெயர். லெமன் வேறு, அது நீண்டு, நுனியில் காம்பு போன்ற மூக்குடன், தடித்த தோலுடையது. இவ்வளவில் நின்றிருந்தால் தொல்லையில்லை. சுண்ணாம்புக்கும் ஆங்கிலத்தில் லைம் என்றே பெயர். போர்டோ கலவைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். தெரியாத ஒருவர் கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவியை நம்பினால், துத்தத்தில் எலுமிச்சம்பழம் பிழிய நேரிடும். இது போதாதென்று, நம் ஊர்ப் பழச்சாற்றுக் கடைகளிலும் விலைச் சீட்டுகளிலும் சாத்துக்குடியை ஆங்கிலத்தில் 'ஸ்வீட் லைம்' என்று எழுதுகிறார்கள். சாத்துக்குடி லைம் அன்று. அது இனிப்பு ஆரஞ்சு வகையைச் சேர்ந்தது. உண்மையான ஸ்வீட் லைம் புளிப்பற்ற வேறொரு பழம். வட இந்தியாவில் அதை 'மீட்டா' என்பர். வெளிநாட்டுப் புத்தகத்தில் ஸ்வீட் லைமைப் பற்றிப் படித்துவிட்டு, அதைச் சாத்துக்குடித் தோட்டத்தில் பிரயோகிப்பவர் என் பிழையையே மறுபடியும் செய்பவராவார்.

இக்குழப்பம் நமக்கு மாத்திரம் உரியதன்று என்பதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளில் ஆங்கில விவசாய நூல்களை மொழிபெயர்ப்பவர்களும் இதே சேற்றில்தான் கால் வைக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்தில் 'லிமோன்' என்றால் மஞ்சள் நிற லெமன். பச்சையான லைமுக்கு 'லீமா' என்று பெயர். கடல் தாண்டி மெக்ஸிகோவுக்குப் போனால் லிமோன் என்பது லைம். அதுவும் நம் நாட்டு எலுமிச்சையே. அங்கே லீமா என்று கேட்டால் புளிப்புக் குறைந்த வேறொரு பழத்தைக் கொடுப்பார்கள். ஆகவே லைம் என்னும் ஒரு சொல்லை ஸ்பானிஷில் எழுதப் புகுபவர், வாசிப்பவர் எந்த நாட்டவர் என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. பெரிய பழங்களிலும் இதே கதைதான். கிரேப் புரூட் என்பது பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து, பார்படோஸ் தீவில் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பழம். அதை ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் 'போமேலோ' என்பர். மெக்ஸிகோவில் 'தொரோன்ஹா' என்பர். ஆங்கிலத்தில் போமேலோ என்றாலோ அது நம் பம்பளிமாசு. தொரோன்ஹா என்ற சொல்லின் அரபு மூலமோ இவ்விரண்டையும் விட்டு, வடமொழி வைத்திய நூல்கள் மாதுலுங்கம் என்று கூறும் சிட்ரன் பழத்தைக் குறித்தது.

சொற்கள் இப்படி ஊர் சுற்றுவதற்கு நாமும் ஓரளவு காரணஸ்தர்கள். ஸ்பானிஷில் ஆரஞ்சுக்கு 'நாரன்ஹா' என்று பெயர். அது அரபு நாரஞ்சு, பாரசீக நாரங்கு, வடமொழி நாரங்கம் என்று பின்னோக்கிச் செல்கிறது. அதன் வேர் தென்னாட்டு மொழிகளில் இருக்கக் கூடுமென்று அறிஞர் பலர் கருதுவர். நம் நாரத்தை அந்தக் குடும்பத்துச் சொல்லே. குடும்பம் ஒன்றாயினும் பழம் ஒன்றாக இல்லை. தமிழர் வீட்டில் நாரத்தங்காய் உப்பில் ஊறும் ஊறுகாய். மலையாளத்தில் 'செறுநாரங்ங' என்றால் நம் எலுமிச்சை. தெலுங்கில் 'நாரிஞ்ச' என்பது ஆரஞ்சையும் அதன் நிறத்தையும் குறிக்கும். ஸ்பெயின்காரன் நாரன்ஹாவை உரித்துத் தின்பான். ஆனால் செவில் நகரத்து வீதி மரங்களின் புளிப்பும் கசப்புமான பழத்தைத் தனியே 'கசப்பு நாரன்ஹா' என்று பிரித்துச் சொல்வான். அந்தப் பகுத்தறிவை நான் மெச்சுகிறேன்.

இலங்கைத் தமிழர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்களுக்கு எலுமிச்சை தேசிக்காய், ஆரஞ்சு தோடம்பழம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள். நாமோ கிச்சிலிப் பழம் என்றோம். கிச்சிலிச் சம்பா என்று நெல்லுக்கும், கிச்சிலிக் கிழங்கு என்று மஞ்சள் இனத்துக் கிழங்குக்கும் அதே பெயரைக் கொடுத்தோம். கொழிஞ்சி என்று ஒரு பழம் உண்டு. வயலில் மிதித்து உழும் தழையுரச் செடிக்கும் அதுவே பெயர். வேப்பிலைக்கட்டியில் வேப்பிலையே இல்லை, நாரத்தை, எலுமிச்சை இலைதான் என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். அதனால் ஒரு தீங்கும் இல்லை. அடுக்களையில் பெயர் பிசகினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். தோட்டத்தில் பெயர் பிசகினால் கண்டுபிடிக்க ஐந்து வருஷம் ஆகும்.

இனி, இந்தப் பெயர்ப் பிசகு எங்கே மிகுந்த நஷ்டத்தை உண்டாக்குமோ அந்த இடத்துக்கு வருகிறேன். அது வேர்ச்செடி. சாத்துக்குடி, கமலா முதலியவற்றை மொட்டுக் கட்டி உற்பத்தி செய்யும்போது, அடியில் நிற்கும் வேர்ச்செடியைப் பொறுத்தே மரத்தின் ஆயுளும் நோய் தாங்கும் சக்தியும் அமைகின்றன. இதற்கு உபயோகப்படும் இரண்டு முக்கியமான வகைகளின் ஆங்கிலப் பெயர்கள் 'ரப் லெமன்', 'ரங்கப்பூர் லைம்' என்பன. முதலாவது வடக்கே ஜம்பேரி எனப்படுவது. பெயரில் ஒன்று லெமன், மற்றொன்று லைம். உண்மையில் முன்னது லெமனும் அன்று, பின்னது லைமும் அன்று. இரண்டும் கமலா இனமும் சிட்ரனும் கலந்து பிறந்தவை. 2018-இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆராய்ச்சி இதை நன்கு ஸ்தாபித்திருக்கிறது. லெமனோ, கசப்பு நாரத்தையும் சிட்ரனும் கலந்தது. நம் எலுமிச்சையோ, பாப்பெடா என்னும் காட்டினத்துத் தாய்க்கும் சிட்ரனுக்கும் பிறந்தது. குடும்ப முறையிற் சொன்னால் தகப்பன் ஒருவன், தாய்மார் வேறு வேறு.

ரங்கப்பூர் என்பது இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ஊர். அதன் பழம் பார்வைக்குச் சிறிய கமலாவைப் போல் செந்நிறமாகவும் தளர்ந்த தோலுடனும் இருக்கும். வாயில் வைத்தால் கடும் புளிப்பு. பிரேசில் தேசத்தில் 1930-களின் பிற்பகுதியிலும் 1940-களிலும் 'ட்ரிஸ்டேஸா' என்னும் நச்சுயிரி நோய், கசப்பு நாரத்தை வேர்ச்செடியில் கட்டிய ஆரஞ்சு மரங்களை இலட்சக்கணக்கில் கொன்றது. அச்சொல்லுக்குப் போர்த்துகேசிய மொழியில் துயரம் என்று பொருள். அசுவினிகளால் பரவும் அந்நோயைத் தாங்கி நின்ற வேர்ச்செடிகளில் ரங்கப்பூர் தலையாயது. பிரேசில் ஆரஞ்சுத் தோட்டங்கள் மீண்டும் தலையெடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே அதைக் 'கிராம்பு லெமன்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் லைம், பிரேசிலில் லெமன், பார்வைக்குக் கமலா!

இப்பொழுது ஒருவர் இந்தப் பெயரைத் தமிழில் 'ரங்கப்பூர் எலுமிச்சை' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசிக்கும் குடியானவர் ரங்கப்பூரை ஏதோ ஓர் ஊர்ப் பெயரென்று விட்டுவிட்டு, எலுமிச்சையை மாத்திரம் பிடித்துக்கொள்வார். எலுமிச்சை நாற்றில் சாத்துக்குடியைக் கட்டலாமென்றே அவருக்குப் படும். நம் எலுமிச்சையோ அதே ட்ரிஸ்டேஸாவுக்கு மிகவும் எளிதில் இரையாவது. நரம்பு வெளுத்து, தண்டின் மரத்தில் குழிகள் விழுந்து நலிவது. நோயைத் தாங்கும் வேர் என்று எண்ணி, நோய்க்கு முதலில் ஆட்படும் வேரின்மேல் தோட்டத்தை எழுப்பியதாகும்.

இது வெறும் கற்பனையன்று. ஒரு நாற்று விற்பனை நிலையத்தில், இன்னதென்று சொல்ல விரும்பவில்லை, சாத்துக்குடிக் கன்று எதன்மேல் கட்டியதென்று கேட்டேன். "எலுமிச்சை மேலே" என்றார் விற்பவர். ஜம்பேரியா, ரங்கப்பூரா, நாட்டு எலுமிச்சையா என்று மீண்டும் கேட்டதற்கு, "எல்லாம் எலுமிச்சைதானே" என்று பதில் வந்தது. அப்படி வாங்கிய கன்றுகளில் சிலவற்றில் ஒட்டுக்குக் கீழே போத்து கிளம்பி, சரியான காலத்தில் கிள்ளாமையால் மேற்கன்றை அடக்கிவிடுவதும் உண்டு. நாலாம் வருஷம் சொரசொரப்பான தோலுடன் புளிப்புக் காய் காய்க்கும்போது, "சாத்துக்குடி மரம் நாரத்தையாக மாறிவிட்டது, மண் வாகு அப்படி" என்று குடியானவர் சொல்வதை இத்தாலுகாவில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மண் ஒரு குற்றமும் செய்யவில்லை. வேர்ச்செடிக்குத் தனிப் பெயர் இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லாததால், காய்த்தது வேர்ச்செடியின் காய் என்று அவர் அறிய வழியில்லை.

நம் எல்லைப் பிரதேசத்துக்குரிய சங்கடம் ஒன்றும் உண்டு. ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் வரையில் ஒரு கிராமத்திலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விளைச்சலோ பெங்களூருக்குப் போகிறது. கன்னட வியாபாரி 'நிம்பெ' என்றால் எலுமிச்சை, 'கஜநிம்பெ' என்றால் தடித்த தோலுள்ள பெரிய காய், 'ஹேரளெ' என்றால் ஊறுகாய்க்குரிய முரட்டுக் காய், தெலுங்கர் 'தப்ப' என்பதும் நம் பெண்டிர் கிடாரங்காய் அல்லது நாரத்தங்காய் என்பதும் இந்த வகையைச் சார்ந்தவை, 'கித்தளெ' கமலா, 'சக்கோத்த' பம்பளிமாசு. தேவனஹள்ளிச் சக்கோத்தவுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இனிப்பு ஆரஞ்சைத் தெலுங்கர் 'பத்தாயி' என்பர். வங்காளத்தில் 'பாதாபி' என்றால் பம்பளிமாசு. இரண்டும் பத்தேவியாத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தவை என்பர். கஜநிம்பெ வேண்டுமென்று தொலைபேசியில் கேட்ட வியாபாரிக்கு, நம் விவசாயி ஒருவர் தம் எலுமிச்சையிலேயே பருத்த காய்களாகப் பொறுக்கி ஆறு மூட்டை அனுப்பி, வண்டிக் கூலியும் சேர்த்து நஷ்டப்பட்டார். கஜம் என்றால் யானை என்று அவருக்குத் தெரிந்திருந்ததே வினையாயிற்று.

சொல்லை நம்ப முடியாவிட்டால் எதை நம்புவது? இலையை நம்பலாம். எலுமிச்சை இனத்து இலைக் காம்பின் இருபுறமும் சிறகு போல் ஓர் ஓரம் இருக்கும். பம்பளிமாசில் அது மிக அகன்று, சிறிய இதய வடிவமான மற்றோர் இலை போலத் தோன்றும். கசப்பு நாரத்தையிலும் சிறகு அகலமானது. நாட்டு எலுமிச்சையில் ஒடுங்கிய சிறகு தெளிவாகத் தெரியும். லெமனில் பெயரளவுக்கு ஓர் ஓரக்கோடு. சிட்ரனில் சிறகும் இல்லை, காம்புக்கும் இலைக்கும் நடுவே மூட்டும் இல்லை. எலுமிச்சைக்கும் லெமனுக்கும் இன்னும் எளிய பேதம் உண்டு: லெமனின் இளந்துளிரும் மொட்டின் வெளிப்புறமும் ஊதாச் சாயல் காட்டும், எலுமிச்சைப் பூ சுத்த வெண்மை. எழுத்து வாசனை இல்லாத குடியானவரும் இவற்றை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார். நான் கற்க இருபது வருஷம் ஆயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தில் பெயரைப் பார்த்தேனே ஒழிய, கிளையை ஒடித்துக் காம்பைப் பார்க்கவில்லை.

ஆகையால் என் அபிப்பிராயம் யாதெனில், இலாகாப் பிரசுரங்களில் இவ்வினப் பழங்களின் பெயரை அகராதி கொண்டு மொழிபெயர்ப்பதை நாம் அறவே விட்டுவிட வேண்டும். லைம் என்று கண்ட இடத்தில், அது நம் நாட்டுப் பழமே என்று உறுதிப்பட்ட பிறகே எலுமிச்சை என்று எழுதலாம். லெமனை லெமன் என்றே எழுதுக. ஜம்பேரியை ஜம்பேரி என்றும், ரங்கப்பூரை வெறும் ரங்கப்பூர் என்றும் எழுதுக. எலுமிச்சை என்னும் வாலை அவற்றில் ஒட்ட வேண்டாம். முதன்முறை பெயர் வருமிடத்தில், இப்பக்கத்துக் கன்னட, தெலுங்குப் பெயர்களையும் இலைக் காம்பின் அடையாளத்தையும் இரண்டு வரியில் சேர்த்துவிடலாம். கன்று விற்பனைச் சீட்டில் மேற்கன்றின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரையும் எழுதியே தர வேண்டுமென்று வாங்குபவர்கள் வற்புறுத்த வேண்டும்.

தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் இதைக் கேட்டு வருந்தினார். "லெமன் என்று எழுத நமக்கென்ன தலைவிதி? சீமை எலுமிச்சை என்று எழுதினால் போகிறது" என்றார். அவருடைய பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் சீமை என்னும் அடைமொழி நமக்குச் செய்த உபகாரத்தைச் சீமைக் கருவேலத்தில் பார்த்தோம். அது நம் கருவேலத்தின் உறவு போல் பெயரளவில் நுழைந்தது. சாதியே வேறு, குணமும் வேறு. 'பெரிய எலுமிச்சை' என்றால் யானை நிம்பெயின் கதையாகும். இனிப்பு ஆரஞ்சைச் சாத்துக்குடியென்று ஓர் இடுகுறிப் பெயர் போலவே வழங்கி வருகிறோம். அதில் ஒருவரும் தவறு செய்வதில்லை. ஆரஞ்சு, பம்பளிமாசு என்ற பெயர்களும் பல துறைமுகம் கண்டவைதாம். இன்று அவற்றை அந்நியமென்று யார் எண்ணுகிறார்கள்? பழம் நம் மண்ணில் வேரூன்றினால் பெயரும் வேரூன்றும். குடியானவர்களே அதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைத்தால், அன்று அதை முதலில் அச்சிடுபவன் நானாக இருப்பேன்.

இவ்வேலையைத் தொடங்கும் பொருட்டு, சிங்காரப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வழங்கும் பழப் பெயர்களைச் சேகரித்து வருகிறேன். தம் தோட்டத்து மரத்துக்கு வீட்டார் வழங்கும் பெயரையும், அவர்கள் பேசும் பாஷையையும் ஒரு சீட்டில் எழுதி, முற்றிய இலைகள் மூன்றுடன் அன்பர்கள் கொடுத்தனுப்பினால் உதவியாயிருக்கும். இலையைக் காம்போடு கிள்ள வேண்டும். இதுவரை வந்த பொட்டலங்களில் சரிபாதியில் காம்பு அறுந்து போயிருந்தது. அவற்றை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்ற மாதம் வந்த பொட்டலமொன்றில் மாத்திரம் இலைகள் காம்பும் சிறகும் சிதையாமல் ஈரத்துணியில் சுற்றியிருந்தன. அனுப்பியவர் மேற்சொன்ன பெரியவர். மறுபடி முந்நூறு நாற்று விட்டிருப்பதாகவும், இம்முறை ஆட்டைக் கட்டிவைத்திருப்பதாகவும் பேரன் கையால் எழுதியிருந்தார்.